புள்ளி இரண்டு கிராம்

ஒருநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, இன்னைக்கு லேட்டா?" என்று கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். அவள் சிரித்தபடி ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடி, மறு கையால் நெற்றியை மறைத்துக் காட்டினாள். கண் மட்டும் தெரிந்தது. "ஐயோ, அக்கா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போதே நாங்கள் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது.

சேர்ந்து என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். எங்களுடையது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருக்கும் சுண்டெலிக் கூடம். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வைரஸ் கொடுக்கப்பட்ட சுண்டெலிகள், அவற்றோடு அக்கா. இந்தப் பக்கம் கூண்டு கழுவும் அறை. அதில் நான், என் ரப்பர் பூட்ஸ், என் முதுகுவலி. சுவரில் பீரோ அளவுக்கு ஒரு நீராவிப் பெட்டியைப் பதித்திருக்கிறார்கள். அழுக்குக் கூண்டுகளை அவள் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வைப்பாள். ஆவியில் வெந்து கிருமியெல்லாம் செத்த பிறகு நான் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுப்பேன். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. பக்கத்தில் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று, பேசுவதற்குச் சுவரில் ஒரு ஸ்பீக்கர். அவள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு அங்கே நிற்க, நான் இங்கே நிற்க, ஒன்பது வருஷம் இப்படித்தான் பேசினோம். கண்ணோரச் சுருக்கத்தைப் பார்த்தே அவள் சிரிக்கிறாளா, தும்மப் போகிறாளா என்று சொல்லிவிடுவேன். மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. தீனி வைப்பது, படுக்கை மாற்றுவது எல்லாம் உண்டு என்றாலும் இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய தலையாய வேலை எடை பார்ப்பதுதான். நோய் வந்த சுண்டெலி வாய் திறந்து சொல்லாது, இளைக்கும். அதனால் தினமும் எடை. வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு உள்ளங்கையையும் குவித்து அள்ளுவாள், ஒரு பிளாஸ்டிக் கப்பில் விடுவாள், கப்பைத் தராசில் வைப்பாள், எண் ஆடாமல் நிற்கும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், பிறகு எழுதுவாள். உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பதால் எழுதிய தாளைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா இந்தப் பக்கம் வந்து தன் போனில் படம் பிடித்துக்கொள்வார். அந்தத் தாளில் இருக்கும் எந்த எண்ணையும் யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. "தராசு எழுதினா எழுதினதுதான்" என்பது மேல்மாடி வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சு ஒன்றுதான் அவள் சேர்த்த சொத்து.

சுண்டெலிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முறை வைத்து ஆள் போடுகிறோம் என்று நிர்வாகம் பல தடவை சொல்லிப் பார்த்தது. "ஆள் மாறினா கை மாறும், கை மாறினா எலி மிரளும், எலி மிரண்டா எடை மாறும்" என்று அடித்துப் பேசி எல்லா ஞாயிறும் அவளே வந்தாள். என்ன ஒரு பொறுப்பு என்று நாங்கள் மெச்சினோம். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது என் மரமண்டைக்கு ரொம்பப் பிறகுதான் உறைத்தது.

ஒருமுறை அவள் தான் குடியிருக்கும் அறையின் சாவியைத் தொலைத்துவிட்டாள். மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. வேறு யாரிடம் கொடுத்துவைப்பாள்? கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரேடியோதான். போட்டுட்டுத்தான் கெளம்புவேன். திரும்பி வரும்போது உள்ள யாராவது பேசிக்கிட்டு இருந்தா நல்லாருக்கும்ல?" என்றாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி மடக்கி, கதவுக்குப் பின்னால், தூசி படிந்து கிடந்தது. எனக்காக அதைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்த பத்து நிமிஷமும் அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்காலி தங்கைக்கு வாங்கியது. தங்கை அதே நகரத்தில்தான், இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில், கணவனோடும் பெண்ணோடும் இருக்கிறாள். அந்தக் குழந்தை இடுப்பை விட்டு இறங்காத காலத்திலிருந்தே அக்கா மாதத்தில் நாலைந்து மாலைகள் அங்கேதான் கிடப்பாளாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா போய்விட்டு வந்த இரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு படுத்திருந்தது. ஆனால் தங்கையின் கணவர் என்கிற அந்த மகா அறிவாளி, "உங்க அக்கா எலிக்கூண்டுலேர்ந்து நேரா வர்றாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். நாங்கள் வேலை முடிந்து சோப்புப் போட்டுக் குளிக்காமல் வாசலைத் தாண்ட முடியாது என்று அவருக்கு யார் சொல்வது? தங்கை போனில், "அக்கா, இப்போதைக்கு வர வேணாம்" என்றாள். அக்கா "சரி" என்றாள். அவ்வளவுதான். அக்கா போகவில்லை, போன் செய்யவில்லை. அவர்களும் செய்யவில்லை. குழந்தைக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டார் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள்.

இனி இருபது சுண்டெலிகளின் கதை. நாலு கூண்டு, கூண்டுக்கு ஐந்து. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே அளவு வைரஸ். அதற்கு முன்பே டாக்டரம்மா இரண்டு கூண்டுகளுக்கு ஏதோ ஊசி போட்டிருந்தார். எந்த இரண்டு என்பது அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் எழுதுகிற கை சாய்ந்துவிடும் என்று அப்படி ஒரு முறை. ஐந்தாம் நாள் கண்ணாடி வழியாக, "தம்பி, ரெண்டு கூண்டுல கல்யாண வீடு, ரெண்டு கூண்டுல இழவு வீடு" என்றாள். இரண்டு கூண்டு எலிகள் சாப்பிட்டுச் சண்டை போட்டுத் திரிந்தன. மற்ற பத்தும் முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக்கிடந்தன.

எங்கள் கூடத்தில் ஒரு கோடு உண்டு. முதல்நாள் எடையில் கால்பங்கைத் தாண்டி இளைத்துவிட்டால் அந்த எலியை அன்றைக்கே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். அது அவதிப்படக் கூடாது என்பதற்கான விதி, நல்ல விதிதான். முடிப்பதும் அக்காவின் வேலை. அதைச் செய்கிற நாட்களில் என்னோடு பேச மாட்டாள்.

எட்டாம் நாள் காலை பதினான்காம் எண் கூண்டில் இரண்டே எலிகள் மிச்சம். கூனிக்கிடந்த பத்தில் எட்டு ஏற்கெனவே போய்விட்டன. அந்த இரண்டில் ஒன்று கோட்டுக்கு ரொம்பக் கீழே இறங்கியிருந்தது; அதையும் முடித்தாள். அப்புறம் கடைசி எலியை அள்ளித் தராசில் வைத்தாள். நான் கூண்டு எடுக்க வந்தவன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எண் எப்போதோ நின்றிருக்கும். அவள் எழுதாமல் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு எழுதினாள். எலியைக் கூண்டில் விட்டு, மெல்லிய காகிதக் கைக்குட்டைகளைக் கிழித்து உள்ளே போட்டாள். தனியாக இருக்கும் எலி கூடு கட்டிக்கொள்ளட்டும் என்று கொடுப்பது வழக்கம். அதற்கு ஒத்தை என்று பெயரும் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பெயர் வைத்த முதல் எலி அதுதான்.

ஒத்தை மறுநாள் கொஞ்சம் ஏறியது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. இரண்டாம் வாரக் கடைசியில் தன் கூட்டிலிருந்து தலையை நீட்டி அக்காவின் கைவிரலை முகர்ந்து பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா கால் தரையில் படாமல் வந்தார். சின்னப் பெண்தான், மகிழ்ச்சி வந்தால் யாரிடமாவது கொட்டியாக வேண்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தேன். அந்தப் பக்கம் அக்கா.

"நல்லாருந்த ரெண்டு கூண்டுதான்க்கா நான் ஊசி போட்டது. வைரஸை அடிக்கிற ஒருவகை வெள்ளணுவை அந்த ஊசி காலி பண்ணிடும். அந்த அணு இல்லாத எலி இளைக்கவே இல்ல."

"அதுங்களுக்கு வைரஸ் கம்மியா?" என்றேன்.

"அதான் இல்ல. போன தடவை இதே மாதிரி எலிங்களோட நுரையீரலைப் பாத்தோம். ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் வைரஸ் ஒரே அளவுதான்."

"அப்புறம் எலியைச் சாய்ச்சது எது?" என்று அக்கா கேட்டாள்.

"அதோட சொந்த அணுதான்க்கா. வைரஸ் புகுந்த இடத்தை அடிக்கிறேன்னு நுரையீரலையே அடிச்சு நொறுக்கிடுது. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரன் வீட்டையே உடைச்ச மாதிரி."

"அப்ப காவல்காரனே வேணாம்ங்கிறீங்களா?" என்றேன். எனக்கு எதிலும் குறுக்கே பேசியாக வேண்டும்.

"வேணும். அவன் இல்லாத எலிகிட்ட வைரஸ் லேசுல போக மாட்டேங்குது. எப்ப நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியலை, அதான் பிரச்சினை. ஆனா பாருங்க, ஊசி போடாத பத்துல ஒம்பது கோட்டுக்குக் கீழ போயிடுச்சு. ஒண்ணு மட்டும் சரியாக் கோட்டுமேல நின்னு திரும்பிடுச்சு! அதோட காவல்காரனுக்கு மட்டும் நிறுத்தத் தெரிஞ்சிருக்கு. வியாழக்கிழமை அதோட நுரையீரலை எடுத்துப் பாக்கப்போறேன். அடுத்த ரெண்டு வருஷ வேலையே இதுலதான்க்கா!"

அக்காவின் கண்ணோரத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. டாக்டரம்மா போன பிறகும் அப்படியே நின்றாள். பிறகு ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் மூணு நாள்தான் தம்பி. காவல் ஆறு வருஷமா நடக்குது."

தங்கை வீட்டுக் கதையை எடுக்கிறாள் என்று புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஒத்தை கோட்டுமேல நிக்கலை. அதோட கோடு பதினஞ்சு புள்ளி மூணு கிராம். தராசு காட்டுனது பதினஞ்சு புள்ளி ஒண்ணு. நான் மூணுன்னு எழுதிட்டேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஏன் என்று கேட்டேன்.

"தராசுல வைக்கறதுக்கு முன்னாடி என் கையிலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. கையுறை நனைஞ்சிடுச்சு. அதுவும் எலியோட எடைதானேன்னு சேத்துட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூத்திரத்துக்கு எடை போட்டுத் திருப்பிக் கொடுத்த நியாயஸ்தி உலகத்திலேயே இவள் ஒருத்திதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

"வாயைத் தொறக்காதக்கா," என்றேன். "ஓய்வு பெற ஏழு மாசம் இருக்கு. வியாழக்கிழமை எப்படியும் எல்லா எலியையும் முடிச்சுடுவாங்க. ஒத்தையும் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் தேடுமே தம்பி. இல்லாததைத் தேடுமே."

"தேடட்டும். அதுக்குத்தானே படிச்சிருக்கு."

"சொன்னா தராசை எடுத்துடுவாங்க," என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்றெல்லாம் சொல்லவில்லை. தராசை எடுத்துவிடுவார்கள் என்றாள், ஏதோ வீட்டில் இருக்கிற ஒரே ஆளைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்பது போல.

புதன்கிழமை டாக்டரம்மா வழக்கம்போல் வந்து போனைத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியில் அன்றைய தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. அக்காவின் உருண்டையான கையெழுத்தில், எட்டாம் நாள், கூண்டு பதினான்கு, தராசு காட்டியது இவ்வளவு, நான் எழுதியது இவ்வளவு என்று இரண்டே வரி. டாக்டரம்மா பழக்கத்தில் படம் எடுக்கப் போனவர், போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"ஏன்க்கா?"

அக்கா காரணத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவின் உதடு ஒரு கணம் துடித்தது, சிரிப்பு வந்துவிடுமோ என்று பார்த்தேன். வரவில்லை.

"மத்த எலிக்கும் இப்படிச் சேத்தீங்களா?"

"இல்ல."

"அதுங்களும் கையில போயிருக்குமே?"

"எல்லாமே போகும்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன்?"

அக்கா பதினான்காம் கூண்டின் பக்கம் திரும்பினாள். "கூண்டுல வேற யாரும் இல்ல," என்றாள்.

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். இரண்டு வருஷ வேலை அந்தத் தரையில் கொட்டிக்கிடந்தது போல இருந்தது அவர் முகம். ஆனாலும் அந்தப் பெண் நல்ல பெண், கத்தவில்லை. "நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"சொல்லுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இது கோட்டுக்குக் கீழ போயும் பிழைச்சிடுச்சு. அப்ப நான் முடிச்ச மத்த ஒம்பது?"

"தெரியாதுக்கா. சிலது திரும்பியிருக்கலாம். அந்தக் கோடு பிழைக்குமா பிழைக்காதான்னு சொல்ற கோடு இல்ல. அவதிப்படக் கூடாதுன்னு போட்டது."

"அது தெரியும்," என்றாள் அக்கா. "ஆனா போகப்போறதைத்தான் அனுப்பி வைக்கிறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமா."

அக்கா இரண்டு தாளையும் உரித்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கு எடை பார்க்க வேண்டிய மிச்ச எலிகளிடம் போனாள்.

வியாழக்கிழமை எல்லா எலிகளையும் முடித்தார்கள், ஒத்தையையும் சேர்த்து. முழு ஆராய்ச்சியையும் முதலிலிருந்து செய்வது என்றும், இனி இரண்டு பேர் நின்று எடை பார்ப்பது என்றும் முடிவானது. அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. தராசை விட்டு எடுத்தார்கள். மிச்சமிருக்கும் ஏழு மாசமும் கூண்டு கழுவும் அறையில். மேல்மாடியிலிருந்து வந்த ஒருவன் "தராசே சாய்ஞ்சிடுச்சாமே" என்று பல்லை இளித்தபோது, அவன் சட்டையில் சோப்புத் தண்ணீரைக் கைதவறி ஊற்றினேன். கைதவறித்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் என் பக்கத்துக் கதவு வழியாக, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக எட்டு மணிநேரம் சேர்ந்தாற்போல் அவள் மூக்கைப் பார்த்தேன். சாதாரண மூக்குதான். பக்கத்தில் நின்றபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. பழக்கதோஷத்தில் நான் ஸ்பீக்கர் பொத்தானைத் தேடிக் கையை நீட்டினேன்.

பத்து மணிக்கு நீராவிப் பெட்டி கூவியது. அவள் கதவைத் திறந்து கூண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நாலாவது கூண்டு வந்ததும் நின்றாள். பதினான்கு. உள்ளே மூலையில், கிழித்த காகிதங்களால் கட்டிய சின்னக் கூடு, ஆவியில் வெந்து பழுப்பாகி, நடுவில் ஒரு எலி சுருண்டு படுக்கிற அளவுக்குப் பள்ளத்தோடு அப்படியே இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். குப்பைத்தொட்டியில் போட்டாள். கூண்டைக் கழுவினாள். கழுவிய கூண்டையே மறுபடியும் கழுவினாள், மூன்றாம் தடவையும் கழுவினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை மாலை, கடைசிக் கூண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு எனக்கு லீவாம் தம்பி," என்றாள். கழுவுகிற ஆட்களுக்கு ஞாயிறு விடுமுறை. "நாளைக்கு நான் என்ன பண்றது?"

"தூங்கு."

"அப்புறம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேலா, தங்கைமேலா, அந்த மகா அறிவாளிமேலா, எனக்கே தெரியாது. "இப்போதைக்குன்னு சொன்னாங்கன்னு ஆறு வருஷமா ஒக்காந்திருக்கியேக்கா, ஒரு போன் பண்ணிக் கேட்டா விரல் தேஞ்சா போயிடும்? எலிக்கு மட்டும் புள்ளி ரெண்டு விட்டுக் குடுக்கத் தெரிஞ்சுதுல்ல?"

சொன்ன பிறகு பயந்துவிட்டேன். அவள் கூண்டைக் கீழே வைத்தாள். முழங்கை வரை நுரை. "பையிலதான் போன் இருக்கு. எடு," என்றாள். எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்தருகே பிடித்தேன்.

நாலைந்து தடவை மணி அடித்தது.

"யாரு?" என்றது ஒரு பெண்குரல்.

"நான்தான்."

துண்டித்துவிட்டார்களோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்போதைக்குன்னுதானேக்கா சொன்னேன்," என்றாள் தங்கை. "வரவே வராதேன்னா சொன்னேன்? கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீயா வந்துருவேன்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமைல எனக்கு வேலை இருந்துச்சு," என்றாள் அக்கா.

தங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு சிறுமி, "யாரும்மா போன்ல?" என்று கேட்டாள்.

"நாளைக்கும் வேலை இருக்கா?" என்று தங்கை கேட்டாள்.

அக்கா கையிலிருந்த நுரை சொட்டிக்கொண்டிருந்தது. கழுவி அடுக்கிய கூண்டுகளை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "நாளைக்கு வேலை இல்ல."